ஊர்வலக் காருக்குப் பெரிய ரேடியேட்டர்

கல்யாண ஊர்வலத்தில் கார் ஓட்டுவதைப் போலப் பாடாவதியான வேலை உலகத்திலேயே கிடையாது என்பது பன்னீர்செல்வத்தின் கட்சி. முன்னால் பேண்டு வாத்தியக்காரர்கள் நடப்பார்கள். அவர்களுக்கும் முன்னால் இளவட்டங்கள் ஆடுவார்கள். ஆட்டம் களைகட்டிவிட்டால் ஊர்வலம் நின்ற இடத்திலேயே நிற்கும். கார் அவர்கள் முதுகைப் பார்த்தபடி ஊர்ந்து வர வேண்டும். ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்று வந்து இன்ஜினைக் குளிரவைக்கும். ஊர்கிற வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரேடியேட்டரில் இருக்கிற தண்ணீர் சூடேறிச் சூடேறிக் கடைசியில் உலையாகக் கொதிக்கும். இவ்வளவு அலுத்துக்கொள்கிறவர் அந்த வேலையை விட்டுத் தொலைத்தாரா என்றால், அதுதான் இல்லை. முகூர்த்த நாள் வந்துவிட்டால் விடியும்போதே துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விடுவார்.

உத்திரமேரூரில் அவருக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல் நிலம். அது போக, மேற்கூரையை வெட்டி எடுத்துவிட்டு மடக்குகிற துணிக் கூரை போட்ட பழைய கறுப்பு அம்பாசிடர் ஒன்று. மனைவி ஜெயமணி. ஒரே மகள் ஸ்ரீலேகா. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் அந்தக் காரில் ஏறித்தான் மாப்பிள்ளையாகவோ மணப்பெண்ணாகவோ ஆகியிருக்கிறார்கள். மனுஷனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. தட்டில் சோறு இருக்கும்போதே மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கக் கழனிக்குக் கிளம்புவார். கழனிக்குப் போகிற வழியில் வேறேதோ ஞாபகம் வந்து பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புவார். மகள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், செருப்பை மாட்டிக்கொண்டே “உம், சொல்லும்மா” என்பார். அவள் சொல்லி முடிக்கும்போது பைக் தெருமுனையைத் தாண்டியிருக்கும்.

போன வருஷம் சாலவாக்கத்தில் அந்த அவமானம் நடந்தது. மாப்பிள்ளை அழைப்பு பாதி வழியில் இருக்கும்போது பானட்டின் இடுக்கிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. கார் நின்றது நின்றதுதான். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை இறங்கி நிற்க, அவருடைய மாமன் மச்சான்கள் காரைத் தள்ளினார்கள். அதை எவனோ புண்ணியவான் போனில் எடுத்து, சோகப் பாட்டு ஒன்றையும் சேர்த்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். பன்னீர்செல்வம் டீக்கடைக்குப் போனாலே யாராவது அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள்.

இந்த நிலையில்தான் ஸ்ரீலேகாவுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை தமிழரசன், ராஜகுளம். கல்யாணம் மாப்பிள்ளை ஊர் மண்டபத்தில். முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு: பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் மேளதாளத்தோடு பெண்ணைக் காரில் கூட்டிவர வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா கிருஷ்ணசாமி தங்கமான மனிதர். அவரும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார். புதுசாக ஒரு வண்டி வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று பக்குவமாகத்தான் சொல்லிப் பார்த்தார். ஊரான் வீட்டுப் பெண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போன காரில் தன் பெண் போகக் கூடாதா என்று பன்னீர்செல்வம் ஒரே பிடியாக நின்றார். ஜெயமணி தலையில் அடித்துக்கொண்டாள். நடுத்தெருவில் நின்றால் சனங்கள் அபசகுனம் என்பார்கள், அந்தப் பேச்சு பெண்ணோடு காலத்துக்கும் கூடவே போகும் என்றாள். கடைசியில் ஸ்ரீலேகாவைக் கேட்டார்கள். நம் காரிலேயே போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். மகளுக்குத் தன் வண்டியின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று பன்னீர்செல்வத்துக்குத் தலைகால் புரியவில்லை.

இனி கார் கொதிக்கக் கூடாது. அதற்குப் பெரிய ரேடியேட்டர் போடுவது ஒன்றே வழி என்று அவராகவே தீர்மானித்தார். மெக்கானிக் பச்சமுத்து, இருப்பதைக் கழற்றிச் சுத்தம் பண்ணிப் பார்க்கலாம் என்றான். அதைக் கேட்க அவர் அங்கே இருந்தால்தானே? அதற்குள் காஞ்சிபுரத்துக் காயலான் கடைக்குப் போய், ஏதோ ஒரு லோடு வேனிலிருந்து கழற்றிப் போட்டிருந்த ரேடியேட்டரைச் சாக்கில் சுற்றி, பைக்கில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பழைய ரேடியேட்டரை அதன் பக்கத்தில் வைத்தால் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வெற்றிலைத் தட்டு வைத்த மாதிரி இருந்தது.

பச்சமுத்து அதைப் பார்த்தான், காரின் வாயைப் பார்த்தான். “இது உள்ள பூராதுண்ணா” என்றான்.

வெட்டினால் பூரும் என்றார் இவர். வெட்டினார்கள். முன்பக்கக் குறுக்குத் தகட்டை அறுத்து, பக்கத்துக்கு ஒன்றாகப் புதுத் தாங்கி வைத்து வெல்டிங் அடித்தான் பச்சமுத்து. பானட் பூட்டை நகர்த்தினான். வேனின் ரப்பர் குழாயையும் காரின் குழாயையும் இணைத்துக் கிளிப் போட்டு முடுக்கினான். அப்படியும் காற்றாடிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் விரல் நுழைகிற இடம்கூட இல்லை. இன்ஜினையே கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால்தான் சரிவரும் என்று அதன் போல்ட்டுகளைக் கழற்றி, கீழே ஜாக்கி கொடுத்து நிறுத்தினான். நீளமான போல்ட்டு வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பும்போது, எதையும் தொட வேண்டாம் என்று கைகூப்பாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பன்னீர்செல்வம் காரைச் சுற்றி வந்தார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார். ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார். பச்சமுத்து வருகிறானா என்று ரோட்டைப் பார்த்தார். காருக்குள் ஏறி உட்கார்ந்தார். சத்தம் மட்டும் கேட்டுப் பார்க்கலாமே என்று சாவியைத் திருப்பினார். கட்டில்லாத இன்ஜின் ஒரு குதி குதித்து முன்னால் வந்தது. காற்றாடி புது ரேடியேட்டரில் போய்க் கறகறவென்று கடித்தது. அவர் சாவியை அணைப்பதற்குள் பட்டறைத் தரை முழுக்கத் தண்ணீர்.

திரும்பி வந்த பச்சமுத்து ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பன்னீர்செல்வத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் இன்ஜினைப் பின்னால் தள்ளி, வாங்கி வந்த போல்ட்டுகளைப் போட்டு முடுக்கினான். ரேடியேட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, கிழிந்த குழாய்களின் வாயை ஈயம் வைத்து அடைத்தான்.

“மிச்ச குழாய்ல தண்ணி ஓடும்ணா. பெருசு தானே, சமாளிக்கும்” என்றான்.

“ஈயம் தாங்குமா?”

“தாங்கும்னு தான் வச்சிக்கீறேன். ரொம்ப சூடு ஏறி, ஈயம் வுட்டுச்சுன்னா வண்டி நின்னுடும். அத இப்ப இன்னான்னு சொல்றது?”

அன்றிலிருந்து பன்னீர்செல்வத்துக்குத் தூக்கம் போயிற்று. பத்திரிகை வைக்கப் போகிற வீட்டில் காபி ஆறும். இவர் வாசலில் பானட்டைத் திறந்து ஈயத்தைத் தடவிக்கொண்டிருப்பார். பந்தி எத்தனை பேருக்கு என்று சமையல்காரர் கேட்டால், ஜெயமணியைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்கு ஓடுவார். ஸ்ரீலேகா புடவையைக் காட்ட இரண்டு தடவை கூப்பிட்டாள். வந்து பார்க்கிறேன் என்றார். வரவில்லை.

நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஆனால் முன்னால் நடக்க ஆள் வேண்டுமே. ஜெயமணி ரேஷன் கடைக்குக் கிளம்பியபோது, கார் அவள் பின்னாலேயே கிளம்பியது. உச்சி வெயிலில் குடையும் பையுமாக அவள் நடக்க, பின்னால் கறுப்பு அம்பாசிடர் ஊர்ந்து வருகிறது. ஆயுசுக்கும் அவளை விட்டுவிட்டு முன்னால் ஓடியே பழகின மனுஷன் இன்றைக்குத்தான் அவள் பின்னால் வருகிறார் என்று எதிர்வீட்டுக்காரி சொல்ல, தெருவே சிரித்தது. பெண்ணுக்குத்தானே கல்யாணம், உங்களுக்கா என்று ஒருவர் கேட்டார். ஜெயமணி திரும்பி முறைத்தாள். இருந்தாலும் ரேஷன் கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வராமல், மார்க்கெட்டையும் கோயிலையும் சுற்றிக்கொண்டு மெல்ல நடந்தாள். ஹீட் மீட்டரில் முள் பாதிகூட ஏறவில்லை. அப்படியும் அவருக்கு நெஞ்சு அடங்கவில்லை. இது வெறும் வண்டி, அன்றைக்குப் பாரம் இருக்கும், கூட்டம் இருக்கும் என்று அதற்கும் ஒரு கவலையைக் கண்டுபிடித்தார்.

பெண் அழைப்பு அன்று, பெண்ணின் அப்பா பட்டு வேட்டியோடு ஸ்டியரிங் பிடிப்பதா என்று சொந்தக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ராஜகுளத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் இன்னொரு வம்பு காத்திருந்தது. அலங்காரம் செய்கிறவர் காரின் முகம் முழுக்க மூடுகிற மாதிரி சாமந்திப் பூவலை ஒன்றை அழகாகக் கட்டி வைத்திருந்தார். ரேடியேட்டருக்குக் காற்று போகிற ஒரே வழி அதுதான். பன்னீர்செல்வம் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் அதைப் பிடுங்கினார். பூவுக்குக்கூடக் கணக்குப் பார்க்கிறார் பெண் வீட்டுக்காரர் என்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கிருஷ்ணசாமி ஓடி வந்தார். பன்னீர்செல்வம் கையில் பூவலையோடு, வியர்வை வழிய நின்றார்.

“எம் பொண்ணு நடுவுல நிக்காம போய்ச் சேரணும் சம்பந்தி” என்றார்.

கிருஷ்ணசாமி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பூவலையை வாங்கிக்கொண்டு போய், வண்டியின் பின்பக்கத்தில் தானே கட்டினார்.

ஊர்வலம் கிளம்பியது. பின் சீட்டில் ஸ்ரீலேகாவும் மாப்பிள்ளையின் தங்கையும். முன்னால் பேண்டு காதைப் பிளந்தது. பன்னீர்செல்வத்துக்கு எதுவும் கேட்கவில்லை. முள், ரோடு, முள், ரோடு என்று கண் போய் வந்துகொண்டிருந்தது. கூட்டுரோட்டுக்கு வந்ததும் இளவட்டங்கள் வட்டம் போட்டு ஆட ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் தங்கையும் ஆசைப்பட்டு இறங்கி ஆடப் போனாள். கார் நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சாலவாக்கத்தில் கொதித்ததும் இப்படி நின்ற நேரத்தில்தான்.

“நைனா” என்றாள் ஸ்ரீலேகா.

“இரும்மா. முள்ளு ஏறுதான்னு பாக்கறேன்.”

“ஏறல. நானும் அதத்தான் பாத்துக்கினு வரேன்.”

அவர் உற்றுப் பார்த்தார். உண்மைதான். முள் ரேஷன் கடைக்குப் போன அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றது. பார்க்கவோ பயப்படவோ இனி அங்கே ஒன்றும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பின்னால் திரும்பினார். அரக்குப் புடவை. அது அரக்கு என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மகளுக்கு மூக்கு நுனி சிவந்திருந்தது.

“புது வண்டி வச்சிருந்தா நீ இந்நேரம் மண்டபத்துல சாம்பார்ல உப்பு கீதான்னு பாத்துக்கினு இருப்ப” என்றாள் அவள். “இந்த வண்டின்னா தான் நீ எங்கூட வருவ. அதுக்குத் தான் இது வேணும்னு சொன்னேன். நடுவுல நின்னாலும் நிக்கட்டும்னு தான் ஏறி ஒக்காந்தேன்.”

பன்னீர்செல்வம் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நாள் குறித்ததிலிருந்து மகள் வீட்டில்தான் இருந்தாள். அவர்தான் பட்டறையில் இருந்தார். இனி அவள் வீட்டில் இருக்கமாட்டாள். அழக் கூடாது என்று நினைத்தார். முடியவில்லை. பட்டுத் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். ஆட்டம் முடிந்து பேண்டு மறுபடி நகர்ந்தது. மாப்பிள்ளையின் தங்கையைக் காணவில்லை. ஆடிக்கொண்டே முன்னால் போய்விட்டிருந்தாள். அவர் கியரைப் போட்டார். மகளிடம் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. பேசிப் பழக்கம் இருந்தால்தானே தெரியும்.

“மத்தியானம் இன்னா சாப்ட்ட?” என்று கேட்டார்.

அவள் சொன்னாள். ஒன்றும் இறங்கவில்லை, அத்தை ஊட்டிவிட்ட ரெண்டு வாய் தயிர் சோறுதான் என்றாள். அதிலிருந்து வேறெங்கோ போனாள். தமிழரசன் முதல் தடவை போன் பண்ணியபோது என்ன பேசினான், வேலைக்குப் போகலாம் என்று அவன் சொன்னது, அந்த வீட்டு மாடியில் நின்றால் ரோடு எப்படித் தெரியும் என்று கோவையில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் “உம், உம்” என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். பேண்டு இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகாதா என்று இருந்தது. சாப்பாட்டுக்கு நேரமாயிற்று என்று முன்னால் யாரோ அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு கார் எங்கேயும் நிற்காமல் மண்டபத்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் இறங்கி வந்து கதவைத் திறந்தார்கள். ஸ்ரீலேகா இன்னும் சொல்லி முடிக்கவில்லை.