விரிப்பின் ஓரத்தை விடாமல் பிடித்திருந்தது குறித்து

நான், மாடம்பாக்கத்தில் வசிக்கும் வழக்கறிஞர் சபாபதி, இன்று மதியம் நடந்ததை உள்ளது உள்ளபடி பதிவு செய்கிறேன்.

மகளின் கல்யாணம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. எங்களுடையது கண்ணாடி மேஜை, மேலே புது விரிப்பு. சாம்பார் பரிமாறும்போதே அது எதிர்ப்பக்கமாக நழுவத் தொடங்கியது. அதன்மேல் பாயசப் பாத்திரம் இருந்தது. ஆகவே விரிப்பின் ஓரத்தை மேஜைக்கடியில் இடது கையால் இறுகப் பற்றிக்கொண்டேன்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். என்னால் எழ முடியவில்லை. வலது கை காய்ந்துபோயிற்று.

"என்னங்க, சாருக்கு வாஷ்பேசினைக் காட்டுங்க" என்றாள் மனைவி கோமதி.

"அவர் முதலில் போகட்டும்" என்றேன்.

"இல்ல சார், நீங்க போங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அவரும் எழவில்லை.

மகள் என் காதருகே குனிந்தாள். "அப்பா, இப்படியே உக்காந்திருந்தா தப்பா நினைப்பாங்க. ப்ளீஸ், எழுந்திருங்க."

வேறு வழியின்றி உண்மையை ஒப்புக்கொண்டேன்.

"அட, இழுக்கறது நீங்கதானா சார்! பாயசம் உங்க மடியில கவுந்துடுமேன்னு இந்தப் பக்கம் நான் அரை மணி நேரமா பிடிச்சுகிட்டு இருக்கேன்!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

கண்ணாடி மேஜையில் விரிப்பு நழுவாதிருக்க வழி தெரிந்தவர்கள் கீழே எழுதவும். விரிப்பே வேண்டாம் என்ற யோசனை கோமதியிடமிருந்து ஏற்கெனவே பெறப்பட்டுள்ளது.

(ஒப்பம்) சபாபதி
சாட்சிகள்: கோமதி (மனைவி), வேதாசலம் (இன்று மாலை முதல் சம்பந்தி)