பீரோவில் இருந்த ஸ்கேன்: சென்னையிலிருந்து சிவகாசிக்கு

2007 ஆகஸ்ட். மாதம் ஒருமுறை சென்னைக்கு வந்துவிடும் என் கணவர் செல்வராஜ் மூன்று மாதமாக வரவில்லை. போனில் கேட்டால், "காலண்டர் சீசன், லோடு நெறைய" என்பார். குரல் சரியில்லை. இரண்டு நாள் லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன். நான் சென்னையில் நர்ஸ். அவர் சிவகாசி அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மிஷினில் வேலை பார்க்கிறார். பத்தொன்பது வருடமாக இரண்டு ஊரில் ஒரு குடும்பம்.

காலை ஐந்தரைக்கு விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கினேன். அங்கிருந்து ஆமத்தூர் வழியாக சிவகாசி 25 கிலோமீட்டர், பஸ்ஸில் முக்கால் மணி நேரம், டிக்கெட் எட்டு ரூபாய். "பின்னாடி தூக்கிப் போடும்க்கா, முன்னாடி வந்துருங்க" என்றார் கண்டக்டர். உண்மைதான், தூக்கித்தான் போட்டது.

வீட்டில் அவர் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றுகொண்டிருந்தார். வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போயிருந்தன. துண்டு எடுக்க பீரோவைத் திறந்தால், துணிக்கு அடியில் மதுரையில் எடுத்த கழுத்து ஸ்கேன். எடுத்து ஒரு மாதமாகியிருந்தது.

"ஏங்க, இதை எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"டிஸ்க் பிதுங்கிருக்குன்னாக. ஆபரேசன்னு ஆயிட்டா நீ வேலைய விட்டுட்டு வந்துருவ. அதான் சொல்லல."

வார்டில் எத்தனையோ பேருக்குக் கழுத்துப் பட்டை மாட்டியிருக்கிறேன். இந்தக் கழுத்தைத் தொட்டுப் பார்க்க மட்டும் ராத்திரி முழுக்க ரயிலில் வர வேண்டியிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

அன்றைக்கே விருதுநகரில் ஓர் எலும்பு டாக்டரம்மாவைப் பார்த்தோம். என் கணவர் கையை அழுத்திப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "எலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் வயசாக ஆக ஈரம் வத்திப் பிதுங்கும், மூட்டும் தேயும். நெறைய பேருக்கு வலியே இல்லாம இப்படி இருக்கும். உங்களுக்கு ஒண்ணு நரம்பைத் தொடுது, ஆனா கையில பலம் குறையல. ஆபரேசன் இப்ப வேண்டாம். ஆறு வாரம் பயிற்சி செய்யுங்க."

என் கணவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

இதே மாதிரிக் கழுத்துப் பிரச்சினையோடு பயணம் போகிறவர்களுக்கு: பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருங்கள், தலையணை உயரமாக வேண்டாம், குனிந்த வேலையில் அடிக்கடி நிமிருங்கள். கை பலமிழந்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். ஸ்கேனை ஒளித்து வைக்காதீர்கள்.

மறுநாள் மாலை விருதுநகர் ஸ்டேஷன். ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, "அடுத்த மாசமும் லீவு கெடைக்குமா?" என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் என்னை வரச் சொன்னது அதுதான் முதல் முறை.