மாப்பிள்ளையின் பிள்ளைகள்

மீன்பண்ணையில் அவளைத் தொட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றில் அருகிவரும் ஒரு மீனினத்தைத் தொட்டியில் பெருக்கி மறுபடி ஆற்றில் விடுவது அவள் வேலை. ஜோடி சேர்ப்பதில் கல்யாணத் தரகரே அவளிடம் தோற்றுப்போவார். கொழுத்தது, பளபளப்பது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்குவாள். ஓர் ஆண் மீனுக்கு மாப்பிள்ளை என்றே பெயர். வருஷா வருஷம் அவனுக்கே கல்யாணம். குஞ்சுகள் அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. அவளுக்கு அதில் பெருமை.

இந்த முறை ஆய்வுக்கூடத்துப் பெண் குஞ்சுகளின் துடுப்பு நுனிகளை வெட்டிக்கொண்டுபோய்ச் சோதித்தாள்.

"அக்கா, எல்லாமே அண்ணன் தங்கச்சி. ஒரு நோய் வந்தா மொத்தமும் போயிடும். வேற வம்சம் கலக்காம ஆத்துல விட முடியாது."

"நல்லதாப் பாத்துத்தானே பொறுக்கினேன்?"

"அதான் தப்பாப் போச்சு. நானும்தான் அழகா இருக்குன்னு பாத்துட்டு நின்னேன்."

வேறு வம்சத்துக்கு எங்கே போவது? அணைக்கு மேலிருந்த ஓடையிலிருந்து முன்பு சில மீன்கள் வந்தன. நோஞ்சான்கள் என்று கழித்துக்கட்டிவிட்டாள். அப்புறம் ஓடையும் வற்றிப்போனது.

பண்ணைக் காவலாளி அவளுடைய கொழுந்தன். விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அந்த நோஞ்சானுங்களையா சொல்றீங்க அண்ணி? கொட்டச் சொன்னீங்க, மனசு வரல. பின்னால தீயணைப்புத் தொட்டியில விட்டுட்டேன்."

"உயிரோட இருக்கா?"

"கொசு கொறைஞ்சிருக்கே, தெரியலையா?"

வலையை வீசினார்கள். ஒல்லியாக, கறுத்து, குட்டிகளும் குடும்பமுமாக வந்தன. இவற்றின் துடுப்பு நுனிகளும் சோதனைக்குப் போயின. மாப்பிள்ளைக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று முடிவு வந்தது.

இனிமேல் பொறுக்கக் கூடாது, வம்சத்துக்கு ஒன்றாகச் சீட்டுப் போட்டுத்தான் ஜோடி என்றாள் ஆய்வுக்கூடத்துப் பெண். தொட்டியக்கா சீட்டை எடுத்தாள். கண் வேறு பக்கம் போனது.

"என்ன அண்ணி, மாப்பிள்ளையையே பாக்குறீங்க? அவனுக்கு ஓய்வு குடுத்தாச்சு."

"போடா. பழக்கதோஷம்."

குஞ்சுகள் வந்தன. நெட்டை, குட்டை, கறுப்பு, வெளுப்பு. இப்படி ஒழுங்கில்லாத தொட்டியை அவள் பார்த்ததே இல்லை. ஆற்றில் விடலாம் என்றாள் ஆய்வுக்கூடத்துப் பெண்.

ஆற்றங்கரையில் வாளியைச் சாய்க்கும்போது ஒரு நோஞ்சானை ஒதுக்கத் தன்னால் கை போனது. பாதியில் நின்றது.

"நீயும் போ" என்று கவிழ்த்தாள்.