தலையுள்ள வாத்தைத் தேடி த்ருவாவுக்கு

கடந்த மே மாதம் நான்கு வாரம் பிரான்ஸில் இருந்தேன். திருப்பூரில் நான் படிக்கும் ஆடை வடிவமைப்புக் கல்லூரிக்கும், த்ருவா என்ற பழைய நகரத்திலுள்ள ஒரு கல்லூரிக்கும் மாணவர் பரிமாற்ற ஏற்பாடு உண்டு. இந்த முறை நானும் என் வகுப்புத் தோழி தாரணியும் போனோம். திரும்பி வந்ததிலிருந்து ஜூனியர்கள் "அக்கா, எப்படிப் போறது, எவ்வளவு ஆகும்?" என்று விடாமல் கேட்பதால் இந்தப் பதிவு. ஆனால் பாதிப் பதிவு ஒரு வாத்தைப் பற்றியது. அவசரக்காரர்கள் நேரே கடைசிப் பகுதிக்கு இறங்கிவிடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் அம்மாவுக்கு வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் உருப்படியை மேஜையில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, சரியாக இருந்தால் பாஸ், இல்லையென்றால் ரிஜெக்ட். பாஸ் ஆனது பெட்டியேறிக் கப்பலுக்குப் போய்விடும். ரிஜெக்ட் ஆனது ஊருக்குள்ளேயே சுற்றும். நானும் தம்பியும் வளர்ந்ததே ரிஜெக்டில்தான். எனக்கு ஒரு கை நீளமான பனியன், அவனுக்கு ஒரு கால் முறுக்கிக்கொண்ட பேன்ட். எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் என்பதால் யாரும் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை.

போன வருடம் அம்மாவின் கம்பெனிக்கு பிரான்ஸிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. குழந்தைகளுக்கான முழுக்கைச் சட்டை, நெஞ்சில் பெரிய மஞ்சள் வாத்து. ஒரு லாட்டில் பிரிண்ட் மேலே ஏறிப்போய்விட, கழுத்துப் பட்டி வைத்துத் தைத்ததும் வாத்தின் தலை தையலுக்குள் மாட்டிக்கொண்டது. அந்த லாட் முழுக்க ரிஜெக்ட். அதன்பிறகு எங்கள் லைனில் தவழ்கிற குழந்தை, தத்தித் தத்தி நடக்கிற குழந்தை என்று பாக்கியில்லாமல் எல்லாவற்றின் நெஞ்சிலும் தலையில்லாத வாத்து. தலையோடு இருந்த வாத்துகள் பிரான்ஸுக்குப் போய்விட்டன.

கிளம்புகிற அன்று கோவை விமான நிலையத்துக்கு ஒரு டாக்ஸி பேசினோம். சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அம்மா வழியனுப்ப வந்தார். அவிநாசி தாண்டும்வரை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, அங்கன கோயிலு, கோட்டையெல்லாம் பாரு, வேண்டாங்கல. எனக்காக ஒண்ணு செய்யி. தலையுள்ள வாத்த ஒரு புள்ள போட்டிருக்கத நேர்ல பாத்துட்டு வா. இத்தன வருசமா பாஸ் பண்ணிப் பண்ணி அனுப்புதேன். பாஸ் ஆன ஒண்ண ஒரு ஆளு போட்டு நான் பாத்ததில்ல."

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். திருப்பூரில் இருபது வருடம் இருந்தும் அம்மாவின் பேச்சு மாறவில்லை. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்கம்மிணி, அந்தத் தலையில்லாத வாத்துங்களா? எங்கூட்டுப் பேத்தியும் அதையேதானுங்க போட்டுக்கிட்டுத் திரியறா! கண்ணு, நீங்க கட்டாயம் பாத்துப்போட்டு வாங்க. தலை எப்படி இருக்குதுன்னு எனக்கும் தெரியோணுமல்லோ."

இறங்கும்போது அம்மா இன்னொன்றும் சொன்னார். "வெரசா பாரு. புள்ளைக வளந்துரும்."

இனி பயணம். கோவையிலிருந்து அபுதாபி, அங்கிருந்து பாரிஸ். பாரிஸ் விமான நிலையத்திலிருந்து நகர ரயிலுக்குப் பதின்மூன்று யூரோ. வடக்கு ஸ்டேஷனில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால் கிழக்கு ஸ்டேஷன். அங்கிருந்து த்ருவாவுக்கு ஒன்றரை மணி நேரம். டிக்கெட்டுக்கு நான் கொடுத்தது இருபத்தொன்பது யூரோ. கொஞ்சம் முன்கூட்டி எடுத்திருந்தால் குறைந்திருக்கும்.

த்ருவாவின் பழைய ஊர் முழுக்க மரச்சட்டங்கள் வைத்துக் கட்டிய வீடுகள். சட்டங்களுக்கு நடுவே மஞ்சள், ரோஸ், பச்சை என்று பூச்சு. ஒரு வீடுகூட நேராக நிற்கவில்லை. பஸ்ஸில் தூங்கிப்போனவர்கள் மாதிரி ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்திருக்கிறது. பூனைச் சந்து என்று ஒரு சந்து உண்டு, மேலே இரண்டு பக்கக் கூரையும் ஏறத்தாழ முட்டிக்கொள்கின்றன. பெரிய தேவாலயத்துக்கு இரண்டு கோபுரம் திட்டமிட்டு ஒன்றைத்தான் முடித்தார்களாம். உள்ளே போனால் வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் விழுந்து தரையெல்லாம் சிவப்பும் நீலமுமாகக் கிடக்கும். நான் அதில் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த ஊரும் பனியன் ஊர்தான் என்பது அங்கே போனபிறகுதான் எனக்கு உறைத்தது. பல தலைமுறையாகக் காலுறையும் உள்ளாடையும் பின்னிய ஊர். அதற்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. பழைய வட்டப் பின்னல் இயந்திரம் ஒன்றின் முன்னால் தாரணி நகரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். அவளுடைய அப்பா முதலிபாளையத்தில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார்.

"மாரி, இது எங்க மெசினுக்கு அப்பாரு மாதிரியே இருக்குது பாரு. ஊசி நிக்கிற வரிசைகூட மாறலை" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

நாங்கள் தங்கிய வீடும் ஒருகாலத்தில் மில். இப்போது அடுக்குமாடி. வீட்டுக்காரம்மா சில்வி, ஐம்பது வயதிருக்கும், டவுன் பஸ் ஓட்டுகிறார். எங்களுக்கு பிரெஞ்சு வராது, அவருக்குத் தமிழ் வராது, நடுவில் செல்போன் மொழிபெயர்த்தது. முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் வாத்துக் கதையைச் சொன்னேன். செல்போன் என்ன மொழிபெயர்த்ததோ, முதலில் எனக்கு வாத்துக்கறி வேண்டும் என்று நினைத்துவிட்டார். பிறகு எங்கள் பக்கத்து வீட்டுப் பாப்பா தலையில்லாத வாத்தோடு நிற்கும் போட்டோவைக் காட்டினேன். புரிந்ததும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் முதல் கேள்வி "கனார்?" என்பதுதான். வாத்துக்கு பிரெஞ்சில் அதுதான் பெயர். நான் உதட்டைப் பிதுக்குவேன். அவர் எனக்கு இன்னொரு துண்டு ரொட்டி வைப்பார்.

காலையில் வகுப்பு, மத்தியானத்துக்குமேல் ஊர் சுற்றல். நான் பாதிக் கண்ணால் கட்டடத்தையும் பாதிக் கண்ணால் குழந்தைத் தள்ளுவண்டிகளையும் பார்த்தேன். ஊருக்கு வெளியே கம்பெனிக் கடைகள் வரிசையாக உள்ள வளாகத்துக்கு பஸ்ஸில் போனோம். குழந்தைத் துணிக் கடையில் போட்டோவைக் காட்டியதும், அது போன குளிர்கால மாடல், எப்போதோ தீர்ந்துவிட்டது என்றார்கள். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. குளிர்காலத்தில் வாங்கிய சட்டை மே மாதத்தில் எந்தக் குழந்தைக்கு அளவு சேரும்? அம்மா என்னிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. விசாவுக்கு, டிக்கெட்டுக்கு என்று அலைந்தபோதெல்லாம் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கூடவே நின்றவர். கேட்ட ஒன்றையும் செய்யாமல் திரும்பினால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றியது. ஒவ்வொரு முறை வீட்டுக்குப் பேசும்போதும் அம்மா சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டார். வாத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. காலையில் நல்ல குளிர். நானும் தாரணியும் கூரை போட்ட பெரிய மார்க்கெட்டுக்குப் போனோம். தாரணி பாலாடைக்கட்டிக் கடையில் நின்றாள். நான் செர்ரிப்பழம் விலை கேட்கத் திரும்பினேன். பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. உள்ளே சுருட்டை முடியோடு ஒரு பாப்பா. கோட்டு திறந்திருந்தது. உள்ளே மஞ்சள் வாத்து. கண், அலகு, உச்சியில் இரண்டு முடி என்று தலை முழுசாக இருந்தது.

அடுத்து நான் செய்ததைத் திருப்பூர்க்காரர்கள் மட்டும்தான் செய்வார்கள். சட்டையின் அடியைப் பிடித்து உள்பக்கமாகத் திருப்பித் தையலைப் பார்த்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கை அதுவாகப் போனது.

பாப்பாவின் அம்மா போட்ட கூச்சலில் மார்க்கெட்டே திரும்பியது. வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் படபடவென்று பேசினார். எனக்கு மன்னிப்புக் கேட்கிற "பர்தோன், பர்தோன்" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. மீன் கடைக்காரரும் தன் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

தாரணி ஓடிவந்தாள். "அட கெரகமே! பச்சக் கொழந்த துணியப் போயி இழுக்கற, என்ன காரியம் பண்ணிப்போட்ட, மாரி! அந்தப் போட்டோவை எடு மொதல்ல!"

செல்போனில் எடுத்து நீட்டினேன். எங்கள் லைன், சிமென்ட் தொட்டி, அதன் முன்னால் பக்கத்து வீட்டுப் பாப்பா, நெஞ்சில் தலையில்லாத வாத்து. அந்தப் பெண் போட்டோவைப் பார்த்தார். தன் குழந்தையைப் பார்த்தார். மறுபடி போட்டோ. தாரணி தன் ஆங்கிலத்தில் சொன்னாள்: இவளுடைய அம்மாதான் இந்தச் சட்டைகளைப் பார்த்துப் பார்த்து அனுப்புகிறவர்.

"இதையா? இதே சட்டையையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு அவர் தன் கையாலேயே சட்டையின் அடியைத் திருப்பி எனக்குக் காட்டினார். மீன் கடைக்காரர் திரும்பிப் போய்விட்டார்.

அனுமதி கேட்டு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். எங்கள் ஊரில் அப்போது மத்தியானம் இரண்டரை. ஞாயிறு என்பதால் அம்மா வீட்டில்தான் இருந்தார். துவைத்த ஈரக்கையோடு எடுத்தார்.

"யம்மா, தலை இருக்கு பாரு" என்றேன்.

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். பிறகு, "கிட்டக்கக் கொண்டு போ. தோள்பட்டை பட்டனு ரெண்டும் இருக்கா?"

"இருக்கும்மா."

பாப்பா சட்டைக் கையின் நுனியை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. அதன் அம்மா எடுத்துவிடப் போனார். "இருக்கட்டும், சப்பட்டும். சாயமெல்லாம் போகாது" என்றார் என் அம்மா, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியும் என்பதுபோல. பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கை மேல ஏறிப் போச்சுல்லா. இது பன்னெண்டு மாச சைஸு. பதினெட்டு மாச சைஸு வாங்கச் சொல்லுட்டி."

தாரணி மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் கலகலவென்று சிரித்தார். சின்னதாகிவிட்டது என்று தெரியும், பிடித்த சட்டை என்பதால்தான் போட்டுவிடுகிறாராம். பிறகு என்ன நினைத்தாரோ, பாப்பாவின் தோள்பட்டை பட்டனில் கை வைத்தார். உங்கள் அம்மாவுக்கு எடுத்துக்கொண்டு போகிறீர்களா, இப்போதே கழற்றித் தருகிறேன், கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள் என்றார். நான் அம்மாவிடம் சொன்னேன்.

"வேண்டாம்னு சொல்லு. கழட்ட வேண்டாம். கழட்டிட்டா வெறும் பீஸுதான? அது இங்கன மேஜ நெறையக் கெடக்கு. போட்டுட்டு இருக்கட்டும். நான் இப்படிக் கொஞ்ச நேரம் பாத்துக்கிடுதேன்."

நான் கையை ஆட்டாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாப்பா சப்புவதையும், அம்மா அதைப் பார்ப்பதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இனி போகப் போகிறவர்களுக்கு. விசாவுக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னால் ஆரம்பியுங்கள். மே மாதம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். ஞாயிறு மத்தியானத்துக்குமேல் ஊர் அடங்கிவிடும், அதற்குள் காய்கறி வாங்கிவிட வேண்டும். குடலில் செய்த ஒரு தொத்திறைச்சி அந்த ஊரில் பிரசித்தம். குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த எனக்கே வாசனை தாங்கவில்லை, சிறியதாக வாங்கிப் பாருங்கள். டவுன் பஸ்ஸுக்கு ஒன்றரை யூரோ வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பழைய ஊரை நடந்தே பார்த்துவிடலாம். ஊறுகாய் பாட்டிலை இரண்டு கவர் போட்டுக் கட்டுங்கள், தாரணியின் பெட்டி இன்னும் மணக்கிறது. யார் சட்டையையும் கேட்காமல் திருப்பிப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, பெயரைக் கேட்டுவிட்டு வாருங்கள். திரும்பி வந்த அன்று கோவை விமான நிலையத்தில் அம்மா என் பெட்டியை வாங்கிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி, "அந்தப் புள்ள பேரு என்னட்டி?" என்பதுதான். அவ்வளவு நேரம் நின்று பார்த்துவிட்டுப் பெயர் கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கே சில்விக்கு, மார்க்கெட்டில் நான் எடுத்திருந்த போட்டோவோடு செய்தி அனுப்பினேன். பாப்பாவின் அம்மா சில்வியின் பஸ்ஸில் அடிக்கடி ஏறுகிறவர்தானாம். குளிர்காலம் முழுக்க மேலே கோட்டு இருந்ததால் வாத்து கண்ணில் படவில்லையாம். இரண்டு நாளில் பதில் வந்தது: லூ.

இந்த மாதம் அந்த பிரெஞ்சுக்காரர்கள் வாத்தை மறுபடி ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் மேஜையில் பதினெட்டு மாத சைஸை இப்போது யாரும் எண் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "லூ சைஸு முடிஞ்சுதா?", "லூ சைஸு பெட்டி கட்டியாச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்களாம்.