ரவி தூங்கிய வண்டி

ஜோகுபாளையத்தில் சங்கமித்ராவின் வெள்ளை ஆம்னி வேனைத் தெரியாதவர்கள் குறைவு. அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் வண்டி அது. ஓட்டுவதும் அவள்தான், கேரியர்களை மாடி மாடியாகத் தூக்கிக்கொண்டு ஏறுவதும் அவள்தான். அந்த வண்டியிலேயே கணவன் ரவியை நாகபுரிக்கு அழைத்துப் போகப்போவதாக அவள் சொன்னபோது, தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவிய, நாகபுரியின் தீட்சா பூமியைப் பார்த்துவிட வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஆசை. குறுக்கே நின்றது ரவியின் தூக்கம். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு அவனுக்கு. முகமூடி மாட்டிக்கொண்டு, காற்றை உள்ளே தள்ளும் மெஷினோடுதான் படுக்க வேண்டும். கரண்ட் இல்லாத இடத்தில் தூங்க முடியாது. ரயிலில் ராத்திரி பிளக் வேலை செய்யுமோ என்னவோ என்று அதையும் தவிர்த்தான். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் போனால்கூட இருட்டுவதற்குள் திரும்பிவிடுவான். ஹெப்பகோடியில் கம்பெனி வேலை, அதை விட்டால் வீடு என்று அவன் உலகம் சுருங்கிப்போயிருந்தது.

சங்கமித்ரா பின்சீட்டைக் கழற்றி மெத்தை போட்டாள். இரண்டாவதாக ஒரு பேட்டரி வாங்கி, எஞ்சின் பேட்டரியோடு வயரால் சேர்த்துக் கட்டச் செய்தாள். வண்டி ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும், நிற்கும்போது மெஷின் ஓடும் என்று நினைத்தாள். ஒத்திகை பார்க்க, கனகபுரா பக்கம் ஒரு தென்னந்தோப்பில் போய்த் தங்கினார்கள்.

விடிந்து அவள் கண் விழித்தபோது ரவி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். மெஷின் நடுவிலேயே நின்றுவிட்டதாம். அவளை எழுப்ப மனம் வராமல், தூங்கவும் பயந்து, உட்கார்ந்தபடியே பொழுதைப் போக்கியிருக்கிறான். சாவியைத் திருப்பினால் எஞ்சினும் அசையவில்லை. கட்டியிருந்த வயர் வழியாக எஞ்சின் பேட்டரியும் சேர்ந்து வறண்டுபோயிருந்தது. தோப்புக்காரர் தன் டிராக்டர் பேட்டரியிலிருந்து வயர் இழுத்துக் கரண்ட் கொடுத்த பிறகுதான் வண்டி கிளம்பியது.

வழியில் ரவி சொன்னான்: "நம்ம ஜனங்க நாகபுரிக்கு விடற பஸ்ல நீ போய்ட்டு வா மித்ரா. நான் வீட்லயே இருந்துக்கறேன்."

அவள் வண்டியை நேராக அடுகோடிக்கு விட்டாள். அங்கே லாயிட் என்பவர் வண்டிகளுக்கு எலெக்ட்ரிகல் வேலை செய்பவர்; அவளிடம் மதியச் சாப்பாடு வாங்குபவர். புதுப் பேட்டரியைச் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அடிவரைக்கும் இறக்கிவிட்டதால் அது இனிமேல் சார்ஜைத் தாங்காது, இந்த ரகத்தில் பாதிக்குக் கீழே இறங்கவே விடக்கூடாது என்றார். எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்த்து, நின்றதும் பிரித்துவிடும் ரிலே ஒன்றும், பேட்டரி தாழ்ந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் கட்-ஆஃப் ஒன்றும் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

"கட் ஆயிட்டா பேட்டரி பொழச்சிக்கும். அவரு?" என்று கேட்டாள் சங்கமித்ரா.

லாயிட் கையிலிருந்த மீட்டரைக் கீழே வைத்தார். "அத நான் யோசிக்கல சிஸ்டர். மெஷினைக் கொண்டாங்க, எவ்ளோ இழுக்குதுன்னு பாக்கலாம்."

மறுநாள் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். காற்று தள்ளுவதற்குக் கொஞ்சம்தான் செலவானது. காற்றை ஈரப்படுத்தத் தண்ணீரைச் சூடாக்கும் பகுதிதான் பெருந்தீனி தின்றது. பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்ற நடுவில் வைத்திருந்த இன்வெர்ட்டரும் தன் பங்குக்குத் தின்றது. சில இரவுகள் சூடு இல்லாமல் ஓட்டலாமா என்று டாக்டரைக் கேட்டாள். தொண்டை வறண்டால் தண்ணீர் குடித்துக்கொள்ளட்டும் என்று அவர் சம்மதித்தார். மெஷின் விற்ற கடையில், இன்வெர்ட்டர் இல்லாமல் நேராகப் பேட்டரியில் சொருகும் வயர் கிடைத்தது. பழையதைவிடப் பெரிய பேட்டரி போட்டாள். கட்-ஆஃப் விழுவதற்கு வெகு முன்பே கத்தும்படி ஒரு பஸ்ஸரும் வைக்கச் சொன்னாள்.

இந்தமுறை ஒத்திகை வீட்டு வாசலிலேயே நடந்தது. ரவி வண்டியில் போய்ப் படுத்துக்கொள்வதைப் பார்த்த எதிர்வீட்டு முனியப்பன், புருஷனைத் துரத்திவிட்டாயா என்று விசாரித்தார். ஒரு வாரம் அப்படியே படுத்தான். ஒருநாளும் பஸ்ஸர் கத்தவில்லை. அதற்குப் பிறகுதான் ரவி கம்பெனியில் லீவு எழுதிக் கொடுத்தான்.

அக்டோபரில் கிளம்பினார்கள். முதல் ராத்திரி ஆந்திராவில், நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க் ஒன்றில் தங்கினார்கள். லாரிகள் கிளம்பும் சத்தத்தில் சங்கமித்ரா விழித்தாள். வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. முன்சீட்டைத்தான் முதலில் பார்த்தாள். காலியாக இருந்தது. பக்கத்தில் மெஷின் உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. முகமூடிக்குள் ரவி வாய் மூடி, ஒருக்களித்து, சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். மார்பு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெல்ல முன்னால் வந்து சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. அதிர்வில் ரவி விழித்து முகமூடியைக் கழற்றினான்.

"ஏன், கெளம்பணுமா? இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கறேனே."

"படுங்க," என்றாள் அவள். எஞ்சினை அணைத்துவிட்டு, தேநீர் கிடைக்குமா என்று பார்க்க இறங்கிப் போனாள்.