கறுப்புப் பெட்டியும் என் கலியாண ரேடியோவும்

பேரன் ரூபனுக்கு வீடியோ கேம் பெட்டி வாங்க இன்று கடைத்தெருவுக்குப் போனோம். இருட்டிய பிறகு தெருவில் நிற்கிற இளம் பொடியன்களை ரோந்து வருகிறவர்கள் பிடித்துக்கொண்டு போகிற காலம் இது. அவனை வீட்டில் இருத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"அம்மா, இந்த வெள்ளை அரைவாசி விலைதான். கறுப்புக்கு அதின்ர பேருக்குத்தான் காசு."

கறுப்புப் பெட்டியில் இருந்த அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கலியாணத்துக்கு வந்த ரேடியோவும் இதே கம்பனிதான். ஒரு மாதத்தில் ஊமையானது, திருத்தியும் தரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெயரில் ஒரு டோர்ச்கூட என் வாசலைத் தாண்டியதில்லை.

"வெள்ளையைக் கட்டுங்கோ தம்பி."

ரூபன் தலையைச் சொறிந்தான்.

"அம்மம்மா, எங்கட ஒழுங்கையில இருக்கிற பொடியள் எல்லாரிட்டயும் கறுப்புத்தான். அவங்கட கேம் சீடி வெள்ளையில ஓடாது. பிறகு நான் அவங்கட வீட்டதான் போய் விளையாடோணும்."

"எப்ப போவாய்?"

"இருட்டினாப் பிறகுதான். அப்பதானே எல்லாரும் நிப்பாங்கள்."

கறுப்பையே கட்டச் சொன்னேன்.

இப்போது பெட்டி சத்தம் போடுகிறது, ரூபன் உள்ளே இருக்கிறான். அதற்காக ரேடியோவை நான் மறந்துவிட்டேன் என்று அந்தக் கம்பனி நினைக்க வேண்டாம்.

திட்டித் திட்டியே கூடுதல் விலை கொடுத்து வாங்கிய சாமான் உங்கள் வீட்டிலும் இருக்கிறதா?