கடை கட்டும் நேரத்துக் கப்பல்

சைதாப்பேட்டை மார்க்கெட்டில் இருபத்தாறு வருஷமாக மீன் விற்கும் செண்பகம், எந்தப் பொருளையும் நேரத்தோடு போய் வாங்கியதில்லை. தக்காளி வேண்டுமென்றால் கடைக்காரன் சாக்கை மடிக்கும்போது போவாள். புடவைக்கு, ஆடித் தள்ளுபடியின் கடைசி நாள் சாயங்காலம்தான் தி.நகர். மூன்று மாப்பிள்ளைகளைத் தட்டிக் கழித்து, அப்பா அலுத்துப்போன பிறகுதான் முருகையனுக்குத் தலையாட்டினாள் என்று ஜைதூன் பீ ஊரெல்லாம் சொல்வாள். முருகையன் அதைக் கேட்டுச் சிரிப்பாரே தவிர மறுத்ததில்லை.

ஜைதூன் பீ செண்பகத்துக்குப் பக்கத்தில் அருவாமனை போட்டிருப்பவள். இவள் எடை போட்ட மீனை அவள் செதில் சீவி, குடல் எடுத்து, துண்டு போட்டுத் தருவாள். மூன்று வயது மூத்தவள். இரண்டு பேரும் சண்டை போடாத நாள் கிடையாது, ஒரு டீயை இரண்டாக ஊற்றிக் குடிக்காத நாளும் கிடையாது. சித்திரை மாதத்தில் ஒருநாள் அந்த டீயைக் குடித்துக்கொண்டே ஜைதூன் சேதியைச் சொன்னாள். மகன் ஜைத்துக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு குடிபோகிறான்.

அன்று முழுக்கச் செண்பகம் யாரிடமும் பேரம் பேசவில்லை. கேட்ட விலைக்குக் கொடுத்தாள். மறுநாள் காலையில் ஐஸை உடைத்துக்கொண்டே சொன்னாள்.

"யக்கா, இத்தினி வருசமா கடலுதான் நம்பளுக்கு சோறு போட்டுக்கினு கீது. நீ போறதுக்கு முந்தி ஒரு தபா அது மேல போய்ட்டு வந்துர்லாம். கப்பல்ல."

ஜைதூன் முதலில் சிரித்தாள். பிறகு அருவாமனையைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாடும் சேர்த்தா என்று கேட்டாள். ஆக, முடிவாகிவிட்டது. ஆளுக்கொரு சீட்டுப் பணம் கையில் இருந்தது. ஜைதூன் கிளம்புவதற்குள் தோதாக இருந்தது ஒரே ஒரு கப்பல்தான். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆகஸ்ட் பதினைந்து விடுமுறையை ஒட்டிப் புறப்பட்டு, மூன்று ராத்திரி கடலில் சுற்றிவிட்டு வருகிற கப்பல்.

தி.நகரில் ஒரு மாடிப்படி ஏறினால் இருக்கிற டிராவல்ஸ் ஆபீஸில் நாஸியா என்ற பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி விளக்கினாள். பள்ளிக்கூடம் திறந்த பிறகு வருகிற சாதா நாள் கப்பல் மலிவு, லீவு நாள் கப்பல் கிராக்கி. அதிலும் காலி ரூம் நிறைய இருக்கும்போது ஒரு விலை, ரூம் குறையக் குறைய விலை ஏறும். இப்போதே எடுத்தால் ஜன்னல் வைத்த ரூம், ஆளுக்கு இருபத்திரண்டாயிரம்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று செண்பகம் படியிறங்கினாள். அவளுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? காலையில் எழுநூறு சொல்கிற மீன் மதியம் இரண்டு மணிக்கு நானூறுக்கு வந்தே தீரும், வராவிட்டால் நாறும். கப்பல் கிளம்பிய பிறகு காலி ரூமை வைத்துக்கொண்டு கம்பெனிக்காரன் ஊறுகாயா போடப்போகிறான்? பொறுத்தார் பூமி ஆள்வார்.

கணக்கில் ஒன்றும் தப்பில்லை. மிச்சமிருந்தால் கப்பல்காரனும் கடைசியில் தள்ளிவிடுகிறவன்தான். மிச்சமிருக்க வேண்டுமே, அதுதான் விஷயம்.

ஜூனில் போனபோது விலை நாலாயிரம் ஏறியிருந்தது. ஜூலை நடுவில் இன்னும் ஐயாயிரம். இரண்டே இரண்டு ஜன்னல் ரூம்தான் பாக்கி என்று நாஸியா சொன்னபோது செண்பகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐஸுக்கு அடியில் மூன்று வஞ்சிரத்தைப் புதைத்து வைத்துக்கொண்டு, மேலே இருக்கிற ஒன்றைக் காட்டி, "இதான் சார் கடைசி, உட்டா கெடைக்காது" என்று அவளே எத்தனை பேரிடம் விற்றிருக்கிறாள்! தான் கள்ளன், பிறரை நம்பான்.

"பாப்பா, நானும் யாவாரிதான்," என்று நாஸியாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு வந்துவிட்டாள்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று ஜைதூன் முணுமுணுத்தாள். வீட்டில் அவள் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்திருந்தாள். கப்பல் பேச்சை அவளாக எடுப்பதையும் நிறுத்திவிட்டாள். அது செண்பகத்தை உறுத்தியது. உறுத்தினாலும், இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றே இருந்தாள்.

ஜூலைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கடலில் பலத்த காற்று, பாதிப் படகுகள் போகவில்லை. வந்த கொஞ்ச மீனும் பதினொரு மணிக்குள் போய்விட்டது. இரண்டு மணிக்கு, வழக்கம்போலப் பையை ஆட்டிக்கொண்டு மெஹபூப் பாஷா வந்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால் மெஸ் வைத்திருப்பவர். கடை கட்டும் நேரத்தில் வந்து அடிமாட்டு விலைக்கு வாங்குவதில் செண்பகத்துக்கே அண்ணன்.

மீன் இல்லை என்றாள் செண்பகம். அவர் நம்பவில்லை. சாயங்காலம் மெஸ்ஸுக்கு நாற்பது பேர் வருவார்கள், விளையாடாதே என்றார்.

"ஐஸைத் தூக்கு செண்பகம்மா. அடியில வெச்சிருப்ப, எனக்குத் தெரியாதா?"

அவள் இரண்டு கையாலும் ஐஸை அள்ளி ஒதுக்கினாள். அடியில் பெட்டியின் தகரம்தான் இருந்தது. பாஷாவின் முகம் தொங்கிப்போனது.

"கடசீல வந்தா இன்னா பாய் கெடைக்கும்? காலீலயே வந்துருந்தா நீ கேட்டதைக் குடுத்திருப்பேன்ல?" என்று செண்பகம் அவரைச் சாடினாள். சாடிய வாய் அப்படியே நின்றது. பக்கத்தில் ஜைதூன் தலையைக் குனிந்துகொண்டு, சுத்தமாக இருந்த அருவாமனையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

செண்பகம் கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. ஈரப் புடவையோடு பஸ் ஏறினாள். பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து போய் நின்றுகொண்டார். படியேறி மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்து நாஸியா உதட்டைக் கடித்தாள். ஜன்னல் ரூம் இரண்டும் முந்தின நாளே போய்விட்டன. கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத உள் ரூம் ஒன்று பாக்கி. விலை, முதன்முதலில் ஜன்னலோடு சொன்னதைவிட மூவாயிரம் அதிகம். செண்பகம் ஒரு பைசா பேரம் பேசாமல் பணத்தைக் கட்டினாள். வாழ்நாளில் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த ஒரு ரூமாவது மிஞ்சியதே என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

ஜன்னல் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது ஜைதூன், நாம் என்ன தூங்கவா போகிறோம் என்று கேட்டுவிட்டுச் சுற்றி வைத்த பாத்திரத்தில் ஒன்றைப் பிரித்து டீ போட்டாள்.

அவர்கள் தூங்கவும் இல்லை. மூன்று நாளும் மேல்தளத்து நாற்காலியிலேயே குடியிருந்தார்கள். டைனிங் ஹாலில் பொரித்த மீனை ஒரு வாய் தின்றுவிட்டு, ஐந்து நாள் ஐஸ் என்று ஜைதூன் தீர்ப்புச் சொன்னாள். பரிமாறியவர் ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். கரை மறைந்துபோன இடத்தில் செண்பகம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு பெரிசா இது என்று நாலைந்து தடவை சொன்னாள்.

கடைசி நாள், சாப்பாட்டுக் கூடத்து வாசலில் மேஜை போட்டு ஒரு பெண் அடுத்த வருஷத்துக் கப்பலுக்கு முன்பதிவு செய்துகொண்டிருந்தாள். இப்போது எல்லா ரூமும் காலி, அதனால் விலை குறைவு. ஆனால் கட்டிய பணம் எந்தக் காரணத்துக்காகவும் திரும்ப வராது என்று எச்சரித்தாள். கேட்டவர்கள் அந்த இடத்தில் பின்வாங்கினார்கள். செண்பகம் அந்த இடத்தில்தான் முன்னால் போனாள்.

ஜூன் இரண்டாம் வாரம் கேட்டாள். பள்ளிக்கூடம் திறந்திருக்கும், மீன்பிடித் தடை முடிந்திருக்காது, வியாபாரமும் மந்தம். ஜன்னல் ரூம், இரண்டு பேருக்கு.

"இன்னாடி பண்ற? நான் ஹைதராபாத்ல இருப்பேன்டி," என்று ஜைதூன் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"காசு திரும்ப வராதாம் யக்கா. நீ வர்லனா உனுக்குக் கட்டுன காசும் சேர்ந்து போய்டும். இப்ப சொல்லு, வருவியா மாட்டியா?"

மீன் தலையைக்கூட வீணாக்காத ஜைதூன் பீ, கையெழுத்துப் போடுகிற செண்பகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, ஜன்னல் பக்கத்துக் கட்டில் தனக்குத்தான், அதையும் இப்போதே எழுதச் சொல் என்றாள்.